வங்கி அறிக்கையின் வரிகளைப் பேரேட்டில் ஏற்றும் முறை

யூபிஐ 2016இல் அறிமுகமாவதற்கு முன்பு, மாதச் சம்பளக்காரர் ஒருவரின் வங்கிச் செல்லேட்டில் மாதத்துக்குப் பத்துப் பதினைந்து வரிகள் இருந்தாலே அதிகம். சம்பளம் வரவாகும், ஏடிஎம்மில் இரண்டு மூன்று முறை பணம் எடுத்திருப்பார், காப்பீட்டுத் தவணையோ வீட்டுக்கடன் தவணையோ பிடித்தமாகியிருக்கும். மற்றதெல்லாம் ரொக்கத்தில் நடந்தது. இன்று கீரைக்கட்டுக்கும் ஆட்டோவுக்கும் தேநீருக்கும் கியூஆர் அட்டையை ஸ்கேன் செய்துவிட்டு நகர்கிறோம் என்பதால், அதே மனிதரின் வங்கி அறிக்கை பல பக்கங்களுக்கு நீள்கிறது. வீட்டுக் கணக்கு எழுதும் பழக்கமுள்ளவர்கள் அத்தனை வரிகளையும் கையால் தட்டச்சு செய்ய முயன்று, சில மாதங்களில் சலித்துப்போய்க் கணக்கு எழுதுவதையே கைவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அவர்களுக்காகவே இந்தப் பதிவு.

நான் குடும்பக் கணக்கை குனுகேஷ் என்ற கட்டற்ற மென்பொருளில் வைத்திருக்கிறேன். 1998இலிருந்து இருந்துவரும் இந்த மென்பொருள், ஒவ்வொரு பரிவர்த்தனையையும் ஒரு கணக்கில் பற்றாகவும் இன்னொன்றில் வரவாகவும் எழுதும் இரட்டைப் பதிவு முறையில் இயங்குகிறது. லினக்ஸ், விண்டோஸ், மேக் ஆகிய மூன்றிலும் ஓடுகிறது. தரவு முழுவதும் நம் கணினியிலேயே இருக்கிறது. வங்கி அறிக்கையை இதற்குள் ஏற்றுவது என்றால் கோப்பைத் திறந்து ஒரு பொத்தானை அழுத்துவது என்று பலர் நினைக்கிறார்கள். ஏற்றிய வரிகள் எல்லாம் சேர்ந்து வங்கி சொல்லும் இருப்பையே காட்டுகின்றன என்று உறுதிப்படுத்தும் வரை அந்த மாதக் கணக்கை நான் முடிந்ததாகக் கருதுவதில்லை. கீழே சொல்லப்போகும் ஒவ்வொரு படியும் அந்த உறுதிப்பாட்டை நோக்கியே செல்கிறது.

முதலில், இதையெல்லாம் நாம் ஏன் கையால் செய்ய வேண்டியிருக்கிறது என்ற கேள்வி. ஜெர்மனியில் ஃபின்டிஎஸ் என்ற பொதுவான நெறிமுறை இருப்பதால், அங்குள்ள குனுகேஷ் பயனர் தன் வங்கியின் பரிவர்த்தனைகளை நேரடியாகவே மென்பொருளுக்குள் இறக்கிக்கொள்ள முடிகிறது. நம் நாட்டில் இதற்கு நெருங்கிய ஏற்பாடு அக்கவுன்ட் அக்ரிகேட்டர் முறை. ரிசர்வ் வங்கி 2016இல் இதற்கான விதிகளை வெளியிட்டது. 2021 செப்டம்பரில் வங்கிகளோடு அது நடைமுறைக்கு வந்தது. வாடிக்கையாளரின் ஒப்புதலைப் பெற்று, எந்தத் தரவு, எவ்வளவு காலத்துக்கு, எந்த நோக்கத்துக்கு என்று வரையறுத்து, வங்கியிலிருந்து கேட்பவருக்குத் தரவை அனுப்பும் இந்த அமைப்பு நன்றாகவே சிந்தித்து உருவாக்கப்பட்டிருக்கிறது. ஆனால் தரவைப் பெற்றுக்கொள்பவர் ரிசர்வ் வங்கி, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி, காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம், ஓய்வூதிய நிதி ஆணையம் போன்ற அமைப்புகளில் ஒன்றின்கீழ் பதிவுபெற்ற நிறுவனமாக இருக்க வேண்டும். என் வீட்டு மேசையிலிருக்கும் கணினி அப்படிப்பட்ட நிறுவனம் ஆகாது. கடன் கொடுக்கவிருக்கும் நிறுவனத்துக்கு என் தரவு ஒழுங்கான வடிவில் போகும்போது, கணக்கின் சொந்தக்காரனான எனக்கு மட்டும் பிடிஎஃப் கோப்பு வந்துசேர்வதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. வங்கிகள் இதே தரவை வாடிக்கையாளருக்கும் அதே ஒழுங்கில் தர வேண்டும் என்று விதி வருமானால், இந்தப் பதிவில் பாதி தேவைப்படாமல் போகும்.

குறுஞ்செய்திகளைப் படித்துக் கணக்கு எழுதித் தரும் செயலிகளை நான் பரிந்துரைக்கமாட்டேன். எல்லாப் பரிவர்த்தனைக்கும் குறுஞ்செய்தி வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை; மேலும், நம் குறுஞ்செய்திப் பெட்டி முழுவதையும் அந்நியருக்குத் திறந்துவிடுவது அதற்கான விலையாகிறது. கூகுள் 2018இல் குறுஞ்செய்தி அனுமதியைக் கட்டுப்படுத்தியதற்கும் அத்தகைய கவலையே காரணம். இணைய வங்கியின் கடவுச்சொல்லைக் கேட்கும் எந்தச் சேவைக்கும் அதைக் கொடுக்க வேண்டாம் என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

ஆகவே கோப்புதான் வழி. கோப்பு வடிவங்களில் சிறந்தது ஓஎஃப்எக்ஸ். மைக்ரோசாஃப்ட், இன்ட்யூட், செக்ஃப்ரீ ஆகிய நிறுவனங்கள் 1997இல் உருவாக்கிய இந்த வடிவத்தில், ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் வங்கியே தரும் தனி அடையாள எண் இருக்கும். அதே கோப்பை இரண்டாம் முறை ஏற்றினாலும் மென்பொருள் அந்த எண்ணைப் பார்த்து, இது ஏற்கெனவே வந்தது என்று ஒதுக்கிவிடும். அதற்கும் முந்தைய கியூஐஎஃப் வடிவத்தில் அந்த அடையாளம் கிடையாது. தேதியில் நாள் முதலில் வருமா மாதம் முதலில் வருமா என்பதுகூட உறுதியில்லை. நம் வங்கிகளில் பெரும்பாலும் கிடைப்பவை பிடிஎஃப், எக்செல், சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு) ஆகியவைதான். சிஎஸ்வி கிடைத்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

பிடிஎஃப் மட்டுமே கிடைக்கிறது என்றால், அதை எக்செல்லாக மாற்றித் தரும் இணையதளங்களில் ஏற்றாதீர்கள். உங்கள் பெயர், முகவரி, கணக்கு எண், நீங்கள் எந்த மருத்துவமனையில் எவ்வளவு செலுத்தினீர்கள் என்பது வரை எல்லாமும் அந்தக் கோப்பில் இருக்கின்றன. டேபுலா என்ற கட்டற்ற மென்பொருள் நம் கணினியிலேயே இயங்கி, பிடிஎஃப் பக்கத்திலுள்ள அட்டவணையைப் பிரித்துத் தருகிறது. கோப்புக்குக் கடவுச்சொல் இருந்தால் அதைத் திறந்து, கடவுச்சொல் இல்லாத நகலை நம் கணினியில் உருவாக்கி, வேலை முடிந்ததும் நீக்கிவிடலாம்.

இறக்கிய கோப்பை அப்படியே ஓர் அடைவில் வைத்துவிட்டு, நகலில் மட்டும் வேலை செய்ய வேண்டும். இதை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் எக்செல். சிஎஸ்வி கோப்பை எக்செல்லில் இரட்டைச் சொடுக்கினால், அது கேட்காமலேயே நெடுவரிசைகளுக்குப் பொருள் கற்பித்துவிடும். கணினியின் வட்டார அமைப்பு அமெரிக்க முறையில் இருந்தால், 05/04/2024 என்ற ஏப்ரல் 5ஆம் தேதி மே 4 ஆகிவிடும். 13/04/2024 மட்டும் தேதியாகப் புரிந்துகொள்ளப்படாமல் வெறும் எழுத்தாக நின்றுவிடும். ஒரே நெடுவரிசையில் பாதி தவறான தேதிகளும் பாதி எழுத்துகளுமாகக் கலந்திருப்பதைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிப்பது கடினம். 12 இலக்க எண்கள் 4.09612E+11 என்பதுபோல அடுக்குக் குறியீட்டில் சுருங்கித் தெரியும். அந்த நிலையிலேயே சிஎஸ்வியாகச் சேமித்தால் கடைசி இலக்கங்கள் போய்விடும். எண்ணின் முன்னால் உள்ள சுழியங்களும் மறைந்துவிடும்.

யூபிஐ பரிவர்த்தனையின் குறிப்பு எண் 12 இலக்கங்கள் கொண்டது என்பதால், இந்தக் கடைசி விஷயம் நம்மை நேரடியாகவே தொடுகிறது. அந்த எண்ணின் முதல் இலக்கம் பெரும்பாலும் ஆண்டின் கடைசி இலக்கமாகவும், அடுத்த மூன்று இலக்கங்கள் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதாகவும் இருக்கும். 4096 என்று தொடங்கினால் 2024ஆம் ஆண்டின் 96ஆவது நாள், அதாவது ஏப்ரல் 5. தேதி குழம்பிப்போன கோப்பைச் சரிசெய்ய இந்த நான்கு இலக்கங்களே பலமுறை போதுமானவையாக இருந்திருக்கின்றன. 2020ஆம் ஆண்டின் எண்கள் சுழியத்தில் தொடங்குவதால், அந்த ஆண்டின் பழைய அறிக்கைகளை எடுத்து ஏற்றுபவர்கள் கூடுதல் கவனத்தோடு இருக்க வேண்டும்.

எக்செல்லுக்குப் பதிலாக லிபர்ஆஃபிஸ் கால்க் என்ற கட்டற்ற விரிதாள் மென்பொருளை நான் பயன்படுத்துகிறேன். சிஎஸ்வியைத் திறக்கும்போதே அது ஓர் உரையாடல் பெட்டியைக் காட்டுகிறது. தேதி நெடுவரிசைக்கு நாள், மாதம், ஆண்டு என்ற வரிசையையும், குறிப்பு எண் நெடுவரிசைக்கு எழுத்து என்ற வகையையும் அங்கேயே தேர்ந்தெடுத்துவிடலாம். நான் கணக்கு வைத்திருக்கும் வங்கி ஒன்றில் எக்செல் என்ற பெயரில் இறங்குவது உண்மையில் எக்செல் கோப்பே அல்ல. தத்தல் (டேப்) குறியால் பிரிக்கப்பட்ட வெறும் எழுத்துக் கோப்புக்கு எக்செல்லின் பின்னொட்டைச் சூட்டியிருக்கிறார்கள். கோப்பின் வடிவமும் பின்னொட்டும் பொருந்தவில்லை என்று எச்சரிக்கை வந்தால் பயப்பட வேண்டாம்; உரைக் கோப்பாகத் திறந்தால் எல்லாம் ஒழுங்காக வரும்.

இனி, இந்த வேலையின் நடுநாயகமான பகுதிக்கு வருகிறேன். நம் வங்கிகளின் அறிக்கைகளில் பெரும்பாலும் ஒவ்வொரு வரியின் இறுதியிலும் அந்தப் பரிவர்த்தனைக்குப் பிந்தைய இருப்பு அச்சிடப்பட்டிருக்கும். அந்த நெடுவரிசையைத் தேவையற்றது என்று நீக்கிவிட்டு ஏற்றுபவர்களே அதிகம். என் பார்வையில் அறிக்கையிலேயே விலைமதிப்புள்ள நெடுவரிசை அதுதான், ஏனென்றால் ஒவ்வொரு வரியையும் அதற்கு முந்தைய வரியைக் கொண்டு சோதிக்க அது இடம் கொடுக்கிறது. முந்தைய வரியின் இருப்பில் இந்த வரியின் பற்றைக் கழித்து, வரவைக் கூட்டி, இந்த வரியின் இருப்பைக் கழித்தால் சுழியம் வர வேண்டும். 42,318.50 ரூபாய் இருந்த கணக்கில் 35 ரூபாய் போனால் அடுத்த வரியில் 42,283.50 இருக்க வேண்டும். கால்க்கில் ஒரு புதிய நெடுவரிசையைச் சேர்த்து, இந்தச் சூத்திரத்தை எழுதிக் கீழே வரை இழுத்துவிட்டால், சுழியம் இல்லாத வரி உடனே கண்ணில்படும். விடையை இரண்டு தசம இடத்துக்கு முழுமையாக்கும் சார்பையும் (ROUND) சேர்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் கணினியின் தசமக் கணக்கீட்டால் சுழியத்துக்குப் பதிலாக மிக நுண்ணிய எண்கள் வந்து குழப்பும்.

இந்தச் சோதனை எதையெல்லாம் பிடிக்கிறது என்று பாருங்கள். பிடிஎஃப்பில் பக்கம் மாறும் இடத்தில் விடுபட்ட வரியைப் பிடிக்கிறது. நீளமான விவரம் இரண்டு வரிகளாக உடைந்து, தொகை ஒரு வரியிலும் இருப்பு இன்னொரு வரியிலும் போயிருந்தால் பிடிக்கிறது. வரவுத் தொகை பற்று நெடுவரிசைக்கு நகர்ந்திருந்தால், அந்தத் தொகையின் இரு மடங்கு வித்தியாசத்தைக் காட்டிக்கொடுக்கிறது. 1,25,000.00 என்ற நம் முறைக் காற்புள்ளிகளோ, தொகைக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் வரவு பற்றுக் குறியீடுகளோ எண்ணை எழுத்தாக மாற்றியிருந்தால் அதையும் சொல்லிவிடுகிறது. எல்லா வரியும் பொருந்தாமல் போனால், அறிக்கை புதியதிலிருந்து பழையதற்குத் தலைகீழாக அச்சாகியிருக்கிறது என்று பொருள். அப்போது தேதியைக் கொண்டு வரிசைப்படுத்தக் கூடாது. ஒரே நாளில் நடந்த பல பரிவர்த்தனைகளின் வரிசை அதில் கலைந்துவிடும். தொடர் எண் நெடுவரிசை ஒன்றைச் சேர்த்து, அதை இறங்குவரிசையில் அடுக்கினால் போதும்.

மாதத்தின் முதல் தேதியிலிருந்து கடைசித் தேதி வரை முழுமையாக, அடுத்த மாதம் தொடங்கிச் சில நாள்கள் கழித்து இறக்குவது என் வழக்கம். சிஎஸ்வியில் ஓஎஃப்எக்ஸைப் போல அடையாள எண் இல்லாததால், தேதிகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்தால் குனுகேஷ் தேதியையும் தொகையையும் விவரத்தையும் ஒப்பிட்டு ஊகிக்க வேண்டியிருக்கும். ஒரே கடையில் ஒரே நாளில் இரண்டு முறை 20 ரூபாய் செலுத்தியிருந்தால், அந்த ஊகம் தவறிப்போக இடமுண்டு. சென்ற மாதத்தின் இறுதி இருப்பும் இந்த மாதத்தின் தொடக்க இருப்பும் ஒன்றாக இருக்கும்படி மாதங்களைப் பிசிறில்லாமல் இணைத்துக்கொண்டே போனால் அந்தச் சிக்கல் எழுவதில்லை. எழுத்துக் கோப்பிலேயே கணக்கு வைத்துக்கொள்ளும் எச்லெட்ஜர், பீன்கவுண்ட் ஆகியவற்றைப் பயன்படுத்துவோருக்கு இதில் ஒரு வசதி உண்டு. இந்தத் தேதியில் இந்த இருப்பு இருக்க வேண்டும் என்று கோப்பிலேயே எழுதிவைக்கலாம். பொருந்தாவிட்டால் மென்பொருளே பிழை காட்டும். குனுகேஷில் அதே வேலையை வங்கி அறிக்கையோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கும் சாளரம் செய்கிறது. இறுதி இருப்பை உள்ளிட்டு, வரிகளைக் குறித்து, வித்தியாசம் சுழியமானால் மட்டுமே முடிக்க வேண்டும்.

கோப்பைக் குனுகேஷில் ஏற்றும் படி எளியது. மேலேயுள்ள முகவரி, கிளை விவர வரிகளையும் கீழேயுள்ள குறிப்புகளையும் தவிர்க்கச் சொல்லி, எந்த நெடுவரிசை எது என்று காட்டி, அந்த அமைப்பை வங்கியின் பெயரில் சேமித்துக்கொண்டால் அடுத்த மாதம் அதையே தேர்ந்தெடுக்கலாம். பற்று, வரவு ஆகியவற்றின் திசையில் மட்டும் கவனம் வேண்டும். வங்கி தன் புத்தகத்திலிருந்து எழுதுவதால், நாம் போட்ட பணம் அது நமக்குத் திருப்பித் தர வேண்டிய கடன். ஆகவே வரவு வைக்கிறது. நம் புத்தகத்தில் வங்கிக் கணக்கு ஒரு சொத்து என்பதால் அதே தொகை பற்று. நெடுவரிசைகளைக் காட்டும்போது இந்தத் திசையைச் சரியாக வைத்தால் போதும்.

அடுத்தது விவரம். யூபிஐ வரி ஒன்றின் விவரம் பொதுவாக இப்படி இருக்கும்: யூபிஐ/டிஆர்/409612345678/பெறுபவர் பெயர்/வங்கி/யூபிஐ முகவரி/குறிப்பு. குனுகேஷ் ஏற்றப்படும் விவரத்தைச் சொற்களாகப் பிரித்து, எந்தச் சொல் வந்தபோது முன்பு எந்தச் செலவுக் கணக்கைத் தேர்ந்தெடுத்தோம் என்று நினைவில் வைத்து, பேய்ஸ் நிகழ்தகவு முறையில் அடுத்த முறை தானாகவே பரிந்துரைக்கிறது. அது சொற்களைப் பிரிப்பது இடைவெளியைக் கொண்டு மட்டுமே. சாய்கோடுகளால் ஒட்டியிருக்கும் யூபிஐ விவரம் முழுவதும் அதற்கு ஒரே நீளமான சொல். அதற்குள் ஒவ்வொரு முறையும் மாறும் குறிப்பு எண்ணும் இருப்பதால், அந்தச் சொல் இன்னொரு முறை வரப்போவதே இல்லை. எனவே மென்பொருள் மாதக் கணக்கில் பார்த்தும் எதையும் கற்றுக்கொள்வதில்லை. குனுகேஷின் தானியங்கிப் பொருத்தம் நம் ஊர் அறிக்கைகளுக்கு வேலை செய்யவில்லை என்று சொல்பவர்களுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். கால்க்கில் சாய்கோடுகளை இடைவெளியாக மாற்றி, குறிப்பு எண்ணைத் தனி நெடுவரிசைக்கு நகர்த்திவிட்டு ஏற்றுங்கள். சில மாதங்களுக்குள் பால், மளிகை, மருந்து ஆகியவை தாமாகவே உரிய கணக்கில் போய் உட்காருவதைப் பார்க்கலாம்.

இதில் யூபிஐ முகவரியை நீக்கிவிடாதீர்கள். மளிகைக்கடையின் பெயர்ப் பலகையில் ஒன்றும், வங்கி அறிக்கையில் கடைக்காரரின் சொந்தப் பெயரும் இருப்பது வழக்கம். அந்தப் பெயரும் சில வங்கிகளில் பாதியில் வெட்டப்பட்டு வருகிறது. கியூஆர் அட்டைக்குரிய முகவரி எழுத்தும் எண்ணும் கலந்து படிக்க முடியாததாக இருந்தாலும், அந்த அட்டை மாறும் வரை அது மாறாது. பணம் அனுப்பும்போது குறிப்புப் பகுதியில் ஒரே ஒரு சிறு சொல்லை எழுதும் பழக்கமும் பெரிதும் உதவுகிறது. பல வங்கிகள் அதை அறிக்கையில் அப்படியே கொண்டுவருகின்றன.

எந்தக் கணக்கென்று புரியாத வரிகள் எப்படியும் மிஞ்சும். அவற்றை உத்தேசமாக ஏதோ ஒரு செலவில் தள்ளுவதைவிட அனாமத்துக் கணக்கு ஒன்றைத் திறந்து அதில் வைத்துவிட்டு, வீட்டில் கேட்டுத் தெளிந்த பிறகு மாற்றுவது நல்லது. மாத இறுதியில் அனாமத்தில் நிற்கும் தொகை எவ்வளவு என்று பார்ப்பதும் ஒரு பயனுள்ள அளவுகோல்.

இரண்டு வங்கிகளில் கணக்கு வைத்திருப்பவர்கள் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பணம் மாற்றும்போது, அதே பரிமாற்றம் இரண்டு அறிக்கைகளிலும் வரும். இரண்டையும் அப்படியே ஏற்றினால் ஒரே தொகை இருமுறை பதிவாகும். இடைநிலைப் பரிமாற்றம் என்று ஒரு கணக்கை வைத்து, இரண்டு பக்கத்தையும் அதற்கே எழுதினால், அது தானாகவே சுழியத்துக்கு வந்துவிடும். சுழியமாகாமல் நின்றால் ஒரு பக்கம் இன்னும் ஏறவில்லை என்று தெரியும். கடன் அட்டைக்கும் இதே முறைதான். அட்டையில் வாங்கியவை வாங்கிய தேதியில் அட்டைக் கணக்கில் செலவாகும். வங்கியிலிருந்து அட்டைக்குச் செலுத்தியது வெறும் பரிமாற்றம் மட்டுமே. 2022இல் வந்த யூபிஐ லைட்டில் சில்லறைச் செலவுகள் வங்கி அறிக்கையில் வருவதில்லை. அதில் பணம் நிரப்பியது மட்டுமே வரும். அதையும் ரொக்கப் பை போலத் தனிச் சொத்துக் கணக்காக வைத்துக்கொள்ளலாம்.

மென்பொருள் எவ்வளவு கற்றுக்கொண்டாலும் கையால் பிரிக்க வேண்டிய வரிகள் சில உண்டு. வீட்டுக்கடன் தவணை ஒரே தொகையாகப் போகிறது. அதில் அசலைக் கடன் கணக்கிலும் வட்டியைச் செலவிலும் பிரிக்கக் கடன் அறிக்கையைத்தான் பார்க்க வேண்டும். வைப்புத்தொகை வட்டி இன்னும் நுணுக்கமானது. 20,000 ரூபாய் வட்டிக்கு வங்கி 10 சதவீத வரியைப் பிடித்துக்கொண்டால், சேமிப்புக் கணக்கில் 18,000 மட்டுமே வரவாகும். அதை அப்படியே வட்டி வருமானம் என்று ஏற்றினால் வருமானமும் குறைந்துபோகும், நாம் ஏற்கெனவே கட்டிவிட்ட வரியும் கணக்கில் இல்லாமல் போகும். 18,000 வங்கிக்கும் 2,000 முன்கூட்டிப் பிடித்த வரி என்ற சொத்துக் கணக்குக்கும் பற்றாகவும், 20,000 வட்டி வருமானத்தில் வரவாகவும் எழுத வேண்டும். அப்படி எழுதிவந்தால், ஜூலையில் வருமான வரிப் படிவத்தை நிரப்பும்போது, நம் பெயரில் பிடிக்கப்பட்ட வரியைப் பட்டியலிடும் வரித் துறையின் 26ஏஎஸ் படிவத்தில் காட்டப்படும் தொகையையும் பேரேட்டில் அந்தச் சொத்துக் கணக்கு காட்டும் தொகையையும் அருகருகே வைத்து ஒப்பிடலாம். எந்த வங்கி எந்தக் காலாண்டில் பிடித்ததை இன்னும் துறைக்குத் தெரிவிக்கவில்லை என்பது வரி வரியாகத் தெரிந்துவிடும், கிளை மேலாளரிடம் தேதியோடும் தொகையோடும் கேட்கவும் முடியும்.